அறுபதுக்கு மேல் அனுமதி இல்லையா?

பென்ஷன் முதல் பெருமாள் தரிசனம் வரை எல்லாம் போனுக்குள் போய்விட்டது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருடையது?

“அம்மா, போனையே பாருங்க... கண்ணைச் சிமிட்டுங்க... இன்னொரு தடவை.”

நவம்பர் மாதத்தில் எந்த ஊர் வங்கிக் கிளைக்குள்ளோ அஞ்சலகத்துக்குள்ளோ நுழைந்தாலும் இந்தக் குரல் காதில் விழும். ஓய்வூதியம் வாங்குபவர்களில் பலர் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கொடுக்கும் மாதம் அது. ஆதார் அட்டை, பாஸ்புக், பென்ஷன் உத்தரவின் நகல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் விரல் ரேகை. ஆயுள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த, களை பறித்த விரல்களில் ரேகை மங்கியிருக்கும். முந்தானையில் துடைத்து, மறுபடி அழுத்தி வைத்தாலும் கருவி ஏற்காது. அடுத்தது முகம். கண்புரை அறுவை சிகிச்சை செய்த கண், வெளிச்சத்தில் கூசி நீர் வடிக்கும். சிமிட்டச் சொன்னால் தலையும் சேர்ந்து ஆடும். இது போதாதென்று, “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா” என்பார் ஊழியர். அந்த எண் போயிருப்பதோ, வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் போனுக்கு. அவர் எடுக்க மாட்டார். எடுக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

அதே நவம்பரில், அதே வயதுள்ள இன்னொருவர் தன் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, தன் போனிலேயே முகத்தைக் காட்டிச் சான்றை அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போகிறார். ஆட்டோ செலவில்லை, வரிசையில்லை, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரே வசதிதான். தெரிந்தவருக்கு அது வரம், தெரியாதவருக்குத் தடை. இவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைக்க நாம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

பத்தே ஆண்டுகளில் மாறிய உலகம்

மின்னணு வாழ்நாள் சான்றான ‘ஜீவன் பிரமாண்’ 2014 நவம்பரில் வந்தது. 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது; அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்டு, காய்கறித் தள்ளுவண்டி வரைக்கும் க்யூஆர் அட்டை தொங்கத் தொடங்கியது. 2020-ல் தமிழக ரேஷன் கடைகளில் கைரேகைப் பதிவு வந்தது. 2021-ல் கொரோனா தடுப்பூசிக்கு ‘கோவின்’ தளத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். அதிகம் ஊசி தேவைப்பட்டவர்கள் 60 வயதைக் கடந்தவர்கள். அந்தத் தளத்தைத் திறக்கத் தெரியாதவர்களில் பலரும் அவர்களே.

ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல நோக்கத்தோடு வந்தவைதான். ஆனால் எல்லாம் சேர்ந்து, போன் இயக்கத் தெரியாத ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே முடிக்க முடியாத நிலையை உண்டாக்கிவிட்டன. ரயில் டிக்கெட், கேஸ் புக்கிங், மின் கட்டணம், பட்டா நகல் என்று பட்டியல் நீள்கிறது. திருமலையில் 65 வயதைக் கடந்தவர்களுக்கென்றே தனி தரிசனம் உண்டு. அதற்கான டிக்கெட்டையும் மாதங்களுக்கு முன்பே இணையத்தில்தான் எடுக்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: எத்தனை பேர்?

• 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.38 கோடி.

• தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் ‘இந்தியாவில் முதியோர் 2021’ அறிக்கை, இது 2021-ல் சுமார் 13.8 கோடி என்றும், 2031-ல் 19.4 கோடியாகும் என்றும் கணிக்கிறது.

• அதே கணிப்பின்படி 2021-ல் தமிழக மக்களில் 13.6% பேர் முதியோர். 2031-ல் இது 18.2% ஆகும். கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் தமிழகம்.

கோடு போட்ட திட்டம்

கிராம மக்களுக்குக் கணினியும் இணையமும் கற்பிக்க மத்திய அரசு 2017-ல் ஒரு பெரும் திட்டத்தைத் தொடங்கியது. பிரதம மந்திரி கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் என்று பெயர். 6 கோடி கிராமப்புறக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்கு 20 மணி நேரப் பயிற்சி தருவது இலக்கு. 2024 மார்ச் இறுதியில் திட்டம் முடிந்தபோது 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய முயற்சிகளில் ஒன்று அது; பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் அதில் சேர வயது வரம்பு 14 முதல் 60.

இந்த ஒரு விதியை நிறுத்திப் படிக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர்தான் என்பதால் இளையவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எண்ணியிருக்கலாம். அந்த இளையவர் அடுத்த ஆண்டே வேலை தேடித் திருப்பூருக்கோ ஓசூருக்கோ போய்விட்டால், வீட்டில் மிஞ்சுவது யார்? பென்ஷனுக்கும் ரேஷனுக்கும் விரலையும் முகத்தையும் காட்டச் சொல்வது 60-க்கு மேற்பட்டவர்களை. கற்றுக்கொடுக்கும் வகுப்பின் கதவை மூடியதும் அவர்களுக்குத்தான்.

கணக்கெடுப்புகளும் அப்படித்தான். தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழகத்தில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் பாதிக்கும் குறைவு என்று காட்டியது. அந்த ஆய்வு கேள்வி கேட்டது 15 முதல் 49 வயதுப் பெண்களிடம். அதற்கு மேற்பட்ட வயதுப் பெண்களின் நிலையை அந்த ஆய்வு கேட்கவே இல்லை.

பறிபோவது பணம் மட்டுமல்ல

போன் தெரியாத பெரியவர், வேறொருவரை நம்பித்தான் ஆக வேண்டும். ஏடிஎம் வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத இளைஞரிடம் கார்டையும் பின் நம்பரையும் சேர்த்துக் கொடுக்கிறார். பின் நம்பரைக் கார்டின் பின்னாலேயே எழுதி ஒட்டி வைக்கிறார். பிரவுசிங் சென்டரில் யார் யாரோ பார்க்க ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு வருகிறார். தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவே இன்னொருவர் தயவு வேண்டும். நாற்பது ஆண்டுகள் குடும்பத்தின் வரவு செலவைத் தன் கையில் வைத்திருந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய இறக்கம்!

ஓடிபி மகன் எண்ணுக்குப் போவதைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறோம். வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ், ரேஷன் கார்டு என எல்லாவற்றிலும் பிள்ளையின் எண்ணைக் கொடுத்த பிறகு, அப்பாவின் கணக்கில் நடப்பது முதலில் பிள்ளைக்குத் தெரிகிறது, அப்பாவுக்குத் தெரிவதில்லை. பிள்ளை நல்லவராக இருக்கும்வரை சரி. உறவு கசந்தாலோ, எண்ணை மாற்றினாலோ, வெளிநாடு போனாலோ, பெரியவர் தன் சொந்தப் பணத்தைத் தொட முடியாமல் நிற்கிறார்.

பெண்களின் பாடு இன்னும் கடினம். வீட்டில் இருப்பது ஒரு ஸ்மார்ட்போன். அது கணவரின் சட்டைப் பையில் இருக்கும். “எல்லாம் அவர்தான் பார்த்துக்குவார்” என்று இருந்த மனைவி, கணவர் திடீரென்று இறந்துவிட்டால் என்ன செய்வார்? போனைத் திறக்கும் எண் தெரியாது. எந்த வங்கியில் டெபாசிட் இருக்கிறது, எல்ஐசி பிரீமியம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, நாமினியாக யார் பெயர் இருக்கிறது, எதுவும் தெரியாது. துக்கத்தோடு துக்கமாக அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கிறது. கணவர் இருக்கும்போதே மாலையில் ஒரு அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கற்றிருந்தால், இந்த அலைச்சலில் பாதி மிச்சமாகியிருக்கும்.

பயம் என்னும் பொறி

“தெரியாம எதையாவது அமுக்கிட்டா காசு போயிடுமோ?” பெரியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2024-ல் மட்டும் இந்தியர்கள் இணைய மோசடிகளில் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டு அது 7,465 கோடி.

மோசடிக்காரர்களுக்குப் பெரியவர்கள் ஏன் குறி? ஓய்வுபெறும்போது வந்த பி.எஃப்., கிராஜுவிட்டி பணம் மொத்தமாக டெபாசிட்டில் இருக்கும். பிள்ளைகள் தூரத்தில் இருப்பார்கள். போலீஸ், கோர்ட் என்றாலே நடுங்கும் மரியாதையில் வளர்ந்தவர்கள். இந்த மூன்றையும் கணக்குப் போட்டு வந்ததுதான் ‘டிஜிட்டல் கைது’. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்பார்கள். வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரியும். போலி நீதிமன்ற உத்தரவு வாட்ஸ்அப்பில் வரும். கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்று மிரட்டி, ‘சரிபார்ப்பதற்காக’ என்று சொல்லி டெபாசிட் பணம் முழுவதையும் மாற்ற வைப்பார்கள்.

ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி, உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே தயாரான போலி உத்தரவுகளை நம்பி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார்கள். அவர்கள் எழுதிய கடிதத்தைப் பார்த்து உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது; டிசம்பர் 1-ம் தேதி, நாடு முழுவதும் நடந்த இத்தகைய மோசடிகளை விசாரிக்க சிபிஐ-க்கு உத்தரவிட்டது.

பணம் போன பிறகு நடப்பது இன்னும் வேதனையானது. பெரியவர்கள் வெளியே சொல்வதில்லை. “இந்த வயசுல இப்படி ஏமாந்துட்டீங்களே” என்று பிள்ளைகள் கேட்பார்களே என்ற வெட்கம். அந்த வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கு லாபம். பணம் கணக்குக் கணக்காகத் தாவி மறைவதற்குள் புகார் போனால்தான் முடக்க முடியும். ஆகவே பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிவைக்க வேண்டிய முதல் வார்த்தை இதுதான்: “என்ன நடந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்.”

இன்னொன்றையும் வங்கிகள் கவனிக்க வேண்டும். ‘ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்’ என்ற எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலக் குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. அந்த எச்சரிக்கை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களால்தான் அதைப் படிக்க முடிவதில்லை.

■ பெட்டிச் செய்தி: பெரியவர்கள் குறித்து வைக்க வேண்டியவை

• 1930: இணைய மோசடிப் புகாருக்கான தேசிய எண். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே அழைக்க வேண்டும்.

• 14567: முதியோருக்கான ‘எல்டர்லைன்’ உதவி எண்.

• போலீஸோ நீதிமன்றமோ வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் எதுவும் கிடையாது.

• பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. அதற்காகப் பின் நம்பரைக் கேட்பவர் மோசடிக்காரர்.

• கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ கோப்புகளைத் திறக்கக் கூடாது.

• 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீடு தேடி அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. உங்கள் கிளையில் கேளுங்கள்.

வயதானால் மண்டையில் ஏறாதா?

ஏறும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயது வரையுள்ளவர்களை மூன்று மாதங்கள் புதிய திறன்களைக் கற்க வைத்தார்கள். டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்துக் கணினியில் திருத்தப் பழகியவர்களுக்கு நினைவாற்றல் மேம்பட்டிருந்ததை 2014-ல் வெளியிட்டார்கள். வயதானால் கற்கும் வேகம் குறைகிறது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் கற்கும் திறன் போய்விடுவதில்லை. புதிதாகக் கற்பதே மூளைக்கு நல்ல பயிற்சி.

ஜப்பானின் மசாகோ வகாமியா, வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெறும் வயதில் கணினியைத் தொட்டவர். 2017-ல், 81 வயதில், முதியோர் விளையாட ஏற்ற ஓர் ஐபோன் ஆப்பைத் தானே உருவாக்கினார். நம் ஊரிலும் சான்று உண்டு. தமிழறிஞர் செங்கைப் பொதுவன் எழுபது வயதைக் கடந்த பிறகு தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வந்து, சங்க இலக்கியம் பற்றி ஏராளமான கட்டுரைகளை எழுதிக் குவித்தார். இன்று பள்ளி மாணவர்கள் தேடிப் படிக்கும் பக்கங்களில் பல அவர் கையால் தட்டியவை.

தனிமனிதர்களை விடுங்கள், ஒரு மாநிலமே செய்து காட்டியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி 2022-ல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நூறு நாள் வேலை நடக்கும் இடம், வீட்டுத் திண்ணை என்று மக்கள் இருக்கும் இடத்துக்கே போய்த் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதையே ‘டிஜி கேரளம்’ என்று மாநிலம் முழுக்க விரித்தார்கள். வீடு வீடாகக் கணக்கெடுத்து, தெரியாதவர்கள் 21.88 லட்சம் பேர் என்று கண்டறிந்து, ஏறத்தாழ அனைவருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 21-ம் தேதி கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் 90 வயதைக் கடந்தவர்களே 15 ஆயிரத்துக்கும் மேல். நூறைத் தாண்டிய பெரியவர் ஒருவரும் அவர்களில் உண்டு. அங்கே வயதுக்குக் கோடு போடவில்லை. அதனால்தான் முடிந்தது.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நம் வீடுகளில் நடப்பது இதுதான். தாத்தா ஒன்று கேட்பார். பேரன், “கொடுங்க தாத்தா, நானே பண்ணித் தர்றேன்” என்று போனை வாங்கி, நான்கு நொடியில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவான். வேலை முடிந்தது, தாத்தா எதையும் கற்கவில்லை. கற்பிப்பவர் போனைத் தொடவே கூடாது என்பது முதல் விதி. விரல் அவருடையதாக இருக்கட்டும். தப்பாக அழுத்தினால் எப்படித் திரும்பி வருவது என்பதையே முதல் பாடமாக வையுங்கள். பயம் அங்கேதான் கரையும்.

ஒரு நாளைக்கு ஒரு வேலை போதும். அவருக்கு எது ஆசையோ அதில் தொடங்க வேண்டும். பேத்தியோடு வீடியோ கால் பேச விரும்புபவரிடம் முதல் நாளே வங்கி ஆப்பைத் திறக்கக் கூடாது. பழைய பாட்டு, கோயில் உற்சவம், சொந்த ஊர்ச் செய்தி இவற்றைத் தானே தேடிப் பார்த்துவிட்டவர், பணம் அனுப்புவதையும் தைரியமாகக் கேட்டுக் கற்பார். எழுத்தைப் பெரிதாக்கி, போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். தட்டச்சு வராவிட்டால் பேசச் சொல்லுங்கள். தமிழில் சொன்னதை எழுதும் வசதியைக் கூகுள் 2017-லேயே தந்துவிட்டது. விரல் வறண்டிருந்தால் தொடுதிரை கேட்காது. லேசாக ஈரம் தொட்டால் போதும். படிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும். பள்ளியில் அப்படிக் கற்றவர்கள் அவர்கள்.

பணப் பரிமாற்றத்துக்குத் தனியாகச் சிறு தொகை மட்டும் உள்ள ஒரு கணக்கை வைத்துப் பழகலாம். சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் ‘யுபிஐ 123பே’ வழி இருக்கிறது. 2022-ல் வந்த இந்த வசதியைப் பற்றி வங்கிக் கிளைகளில் கேட்டால்தான் சொல்கிறார்கள். கேட்கத்தான் பலருக்கும் தெரியவில்லை.

புதுக்கோட்டை சொல்லும் பாடம்

தமிழகத்துக்கு இது புதிய வேலை அல்ல. 1990-களின் தொடக்கத்தில், எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனது. புதுக்கோட்டையில் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரித் தொழிலாளிகள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ‘பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்’ என்ற பேச்சையெல்லாம் மிதித்துக்கொண்டு போனார்கள். சந்தைக்கும் தண்ணீருக்கும் இன்னொருவரை எதிர்பார்க்காத விடுதலையை அது கொடுத்தது.

அன்று முப்பதுகளில் இருந்த அந்தப் பெண்கள் இன்று அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள். சைக்கிளை வசப்படுத்திய அதே கைகளுக்கு இந்தப் போன் வசப்படாதா? அன்று அவர்களைத் தேடி ஓர் இயக்கம் வந்தது. இன்று வரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இயக்கத்துக்கு வேண்டிய எல்லாம் நம்மிடம் இருக்கிறது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. 2021-ல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்களைத் திரட்டிய அனுபவம் இருக்கிறது. கல்லூரிதோறும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம், முதியோரின் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டு சேர்க்கிறது. அரிசி போகும் வாசலுக்கு ஆசிரியரும் போக முடியும்.

இதோடு இன்னொன்றும் சேர வேண்டும். எவ்வளவு கற்பித்தாலும் கற்க இயலாதவர்கள் இருப்பார்கள். பார்வை போனவர்கள், கை நடுங்குபவர்கள், மறதி நோய் வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகக் கவுன்டர்கள் திறந்தே இருக்க வேண்டும். நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30-ம் தேதி அளித்த தீர்ப்பில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கண்ணைச் சிமிட்ட இயலாத ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோருக்கும் பார்வையற்றோருக்கும் மாற்று வழி வேண்டும் என்ற வழக்கில் வந்த தீர்ப்பு அது. அதன் நியாயம் முதியோருக்கும் பொருந்தும்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. வயது வரம்பு இல்லாத டிஜிட்டல் அறிவொளி இயக்கம் ஒன்று வேண்டும். வங்கியும் அரசும் அனுப்பும் எச்சரிக்கைகள் தமிழில் வர வேண்டும். போன் இல்லாதவருக்கு எந்தச் சேவையும் மறுக்கப்படக் கூடாது.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்பா, அம்மா, மாமனார், மாமியார், பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஆசிரியர் என்று யாராவது ஒருவர் அருகில் உட்காருங்கள். அவர் போனை அவர் கையிலேயே விட்டுவிட்டு, 1930 என்ற எண்ணை அவரையே சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு அவருக்கு என்ன கற்க ஆசை என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையாகக் கேட்டு, அதிலிருந்து முதல் வகுப்பைத் தொடங்குங்கள்.